முதல் சக்கரம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டினால் செம்பாறையும் செம்மணலும்தான். அந்த மணல்வெளியின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து தரையை உற்றுப் பார்த்தால், பாத்திரத்தில் அடிப்பிடித்த தீசல் போல ஒரு கறுத்த பொருக்கு தெரியும். விரற்கடை உயரத்துக்குச் சின்னச் சின்னக் கோபுரங்களாக எழும்பி நிற்கும். பார்வைக்குச் செத்த மண். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் நாலு சொட்டு விட்டுக் காத்திருங்கள். சற்று நேரத்தில் கறுப்பு பச்சையாகும். சுருண்டு கிடந்த பாசியின் ஊசிமுனை இலைகள் கண்ணெதிரே விரியும். மழைக்காகத் தூங்கிக் கிடந்த உயிர் விழித்துக்கொண்டது.

இந்தப் பொருக்கின் மேல் ஒரு சக்கரம் ஏறினால் அப்பளம் போல நொறுங்கிவிடும். ஒரு செருப்புக்கால் பட்டாலும் நொறுங்கும். பொதுநிலத்தில் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் ஓட்டுகிறவர்களுக்கும், தோளில் பையை மாட்டிக்கொண்டு நடக்கிறவர்களுக்கும் இடையே அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வழக்கை இந்த நொறுங்கலிலிருந்து தொடங்கினால்தான் சரியாகப் புரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் பாதைகள் எப்படி வந்தன என்று பார்த்துவிடலாம். மோவாப் சுற்றுவட்டாரத்து ஜீப் தடங்களில் பல, உல்லாசத்துக்காகப் போட்டவை அல்ல. 1952இல் சார்லி ஸ்டீன் என்பவர் அந்தப் பக்கத்தில் பெரிய யுரேனியப் படிவைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுக் காலம். யுரேனியம் தேடி ஜீப்பிலும் புல்டோசரிலும் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் பள்ளத்தாக்குகளின் விளிம்புவரை வழி வெட்டினார்கள். யுரேனியச் சந்தை படுத்ததும் ஆட்கள் போய்விட்டார்கள், தடங்கள் நின்றுவிட்டன. 1967இல் உள்ளூர்க்காரர்கள் ஈஸ்டர் விடுமுறையில் அந்தத் தடங்களில் ஜீப் ஊர்வலம் நடத்தத் தொடங்கினார்கள். இன்று அது உலகெங்குமிருந்து வண்டிப் பிரியர்கள் வந்து கூடும் திருவிழா. அதே ஊரின் வாசலில்தான் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள். அமைதியைத் தேடி வருகிறவர்களும் அதே ஹோட்டலில்தான் அறை எடுக்கிறார்கள்.

இனி பொருக்குக்குள் போவோம். அதைக் கட்டுகிற கொத்தனார் நீலப்பச்சைப்பாசி, அதிலும் முக்கியமாக மைக்ரோகோலியஸ் என்ற இனம். மயிரிழையைவிட மெல்லிய இழைகளாக வளரும். ஒவ்வோர் இழையையும் பசைபோன்ற ஓர் உறை மூடியிருக்கும். மண் நனைந்ததும் இழைகள் உறைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும், காய்ந்ததும் அங்கேயே நின்றுவிடும். பழைய உறைகள் மணல்துகள்களை ஒன்றோடொன்று தைத்து வைத்துக்கொள்ளும். பூ தொடுக்கிற நாரைப்போல. அதன்மேல் லைக்கன்கள் குடியேறும். நம் செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பிறகு பாசிச்செடிகள் வரும். நீலப்பச்சைப்பாசிகளிலும் லைக்கன்களிலும் சில காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும். வருடத்துக்கு ஒரு சாண் மழை பெய்யும் நிலத்தில் வேறு யார் உரம் போடப் போகிறார்கள்?

உடைந்த பொருக்கு மறுபடி வளர எவ்வளவு காலம் ஆகும்? மோவாபில் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்காகப் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தவர் ஜேன் பெல்னாப். அவரும் அவரைப் போன்றவர்களும் தந்த விடை மனத்தைக் கனக்க வைப்பது. நீலப்பச்சைப்பாசி சில ஆண்டுகளில் திரும்பத் தலைகாட்டும். லைக்கனுக்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். வறண்ட இடங்களில் பாசிச்செடி முழுமையாக மீள நூறாண்டைத் தாண்டலாம். பூங்காவில் "பொருக்கை உடைக்காதே" என்ற பொருளில் வாசகம் எழுதிப் போட்டிருப்பது சும்மா இல்லை.

பொருக்குக்கு அடியிலுள்ள மண்ணின் கதை வேறு. மண் என்பது பாதி துகள், பாதி துளை. அந்தத் துளைகளில்தான் நீரும் காற்றும் போய்வரும், வேர் இறங்கும். பாரம் ஏறினால் துளைகள் அமுங்கும், மண் இறுகும். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ராபர்ட் வெப் என்ற ஆய்வாளர், மோட்டார் சைக்கிளைக் கன்னி மண்ணில் ஒரு முறை, பத்து முறை, நூறு முறை, இருநூறு முறை என்று ஓட்டி ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணின் இறுக்கத்தை அளந்தார். 1982இல் வெளியான அந்த முடிவில் எல்லோரும் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இறுக்கம் ஓட்டத்தின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. முதல் சில ஓட்டங்களிலேயே பெருமளவு இறுகிவிடுகிறது. அதன்பின் நூறு முறை ஓட்டினாலும் கூடுவது கொஞ்சமே.

இதை நின்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே ஓடித் தேய்ந்த தடத்தில் நூற்றியோராவது வண்டி செய்கிற கெடுதல் மிகக் குறைவு. யாரும் போகாத இடத்தில் ஒரே ஒரு வண்டி செய்கிற கெடுதல் மிக அதிகம். "நான் ஒருத்தன் ஒரு தடவை போனதால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கிறவர்தான் ஆகவேண்டியதில் பெரும்பகுதியை ஆக்கிவிடுகிறவர். ஆயிரம் வண்டி போகும் தடத்தைப் பார்த்துப் பதறுகிற நாம், அதன் பக்கவாட்டில் புதிதாகக் கிளைத்த ஒற்றைச் சக்கரக் கோட்டைப் பார்த்துத்தான் அதிகம் பதற வேண்டும்.

அந்தக் கோடு எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு மொஹாவியிலேயே சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் தளபதி ஜார்ஜ் பேட்டன் வட ஆப்பிரிக்கப் போருக்குப் படையைத் தயார்செய்ய அங்கே பெரிய பயிற்சிக்களம் அமைத்தார். 1942 முதல் 1944 வரை டாங்கிகள் அந்த மண்ணில் ஓடின. பேட்டன் போய்ச் சேர்ந்து எண்பது ஆண்டுகள் ஆகின்றன. டாங்கித் தடங்களை இன்றும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். மக்கள் கைவிட்டுப்போன பழைய சுரங்க ஊர்களின் தெருக்களை அளந்து பார்த்தவர்கள், கடுமையாக இறுகிய மண் ஓரளவு பழைய நிலைக்கு வரவே ஏறக்குறைய நூறாண்டு தேவை என்று கணக்கிட்டார்கள்.

அப்படியானால் குற்றவாளி சக்கரம்தான் என்று முடித்துவிடலாமா? அவசரப்படக் கூடாது. பாறையிலும் மணலிலும் ஓட்டுகிற ஏடிவி எனப்படும் நாலுசக்கர வண்டியின் டயரில் காற்று மிகக் குறைவாக, ஐந்து முதல் ஏழு பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். அழுத்தினால் கைக்கு மெத்தென்று இருக்கும். அது தரையை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அமுக்குகிற அமுக்கம், எழுபது கிலோ மனிதர் ஒரு காலில் நிற்கும்போது அமுக்குவதோடு ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு அமுக்கத்தில் இல்லை, பரப்பில் இருக்கிறது. ஒரு நாளில் ஒருவர் 15 கிலோமீட்டர் நடந்தால் சுமார் இருபதாயிரம் எட்டு வைப்பார். ஓர் எட்டுக்கு இருநூறு சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால் மொத்தம் 400 சதுர மீட்டர், அதாவது நம் கணக்கில் பத்து சென்ட் மனை. ஏடிவி ஒரு நாளில் 100 கிலோமீட்டரைச் சுளுவாகக் கடக்கும். கால் மீட்டர் அகலமுள்ள இரண்டு பட்டைகள் என்று வைத்தால் 50,000 சதுர மீட்டர். பன்னிரண்டு ஏக்கருக்கும் மேல். ஒருவர் மிதித்தது பத்து சென்ட், இன்னொருவர் மிதித்தது பன்னிரண்டு ஏக்கர். இருவரும் ஒரே நாள், ஒரே வெளியில், ஒரே உரிமையோடு உலவியவர்கள்.

இன்னொன்றும் உண்டு. காலடிகள் விட்டுவிட்டு விழுகின்றன. மழை பெய்தால் ஒவ்வொரு காலடியும் தனித்தனிக் கிண்ணம்போல நீரைப் பிடித்து வைக்கும். சக்கரத் தடம் தொடர்ச்சியானது. சரிவில் அது வாய்க்கால். உழவர் வெட்டுகிற வாய்க்கால் நீரை நிதானமாக எடுத்துப்போகும்படி வாட்டம் பார்த்து வெட்டியது. வண்டியோட்டி வெட்டுகிற வாய்க்காலோ நேரே கீழ்நோக்கிப் பாயும், அடுத்த பெருமழையில் மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும்.

ஆனால் நன்றாக அமைத்த பாதையிலேயே இரண்டு பேரும் போனால்? இங்கேதான் நடைப்பயணிகள் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது. 1994இல் ஜான் வில்சன், ஜோசப் செனி இருவரும் மொன்டானா மாநிலத்துக் காட்டுப் பாதைகளில் ஓர் ஒப்பீடு செய்தார்கள். நடப்பவர், குதிரை, மலைச் சைக்கிள், மோட்டார் சைக்கிள் நான்கையும் ஒரே பாதைத் துண்டுகளில் விட்டு, செயற்கை மழை பொழிய வைத்து, கரைந்து வரும் மண்ணை எடைபோட்டார்கள். அதிகம் மண்ணைக் கிளறியது குதிரை. நனைந்த பாதையில் காலும் குளம்பும் சக்கரங்களைவிடக் கூடுதலாக மண்ணைப் பெயர்த்தன. அதற்கும் முன்னால், 1978இல், வீவர், டேல் என்ற இருவர் செய்த ஆய்வு இதற்கு இன்னொரு நுணுக்கம் சேர்த்தது: மோட்டார் சைக்கிள் மேட்டில் ஏறும்போது சக்கரம் சுழன்று மண்ணைப் பறிக்கிறது, மனிதரும் குதிரையும் இறங்கும்போது குதிகால் ஊன்றிப் பறிக்கிறார்கள். பாதைக்குள் எல்லோரும் அரிப்பவர்களே. பாதையை விட்டு விலகும்போதுதான் பன்னிரண்டு ஏக்கர்க் கணக்கு தொடங்குகிறது.

பகிர்வு அழகாக நடக்கிற இடம் ஒன்றும் மோவாபிலேயே இருக்கிறது. ஊருக்கு மேலே சேண்ட் ஃப்ளாட்ஸ் பகுதியில் நவாஹோ மணற்பாறை அலையலையாக உருண்டு கிடக்கும். அங்கே 1969இல் மோட்டார் சைக்கிளுக்காக ஒரு தடம் குறித்தார்கள். பிறகு மலைச் சைக்கிள்காரர்கள் வந்து அதை உலகப் புகழ் பெறச் செய்தார்கள். அதன் ஆங்கிலப் பெயருக்கு வழுக்குப்பாறை என்று பொருள். குதிரையின் இரும்பு லாடம் வழுக்கியதால் வந்த பெயர். ரப்பர் டயருக்கு அதே பாறை உப்புத்தாள் மாதிரி, செங்குத்தான மேட்டிலும் கவ்விக்கொள்ளும். பாறையில் இறுகுவதற்கு மண் இல்லை. வழி தவறாதிருக்க வெள்ளைக் கோடுகள் தீட்டியிருக்கிறார்கள். கோட்டின் மேலேயே போகிறவரை மோட்டார் சைக்கிளோ மிதிவண்டியோ காலோ, கெடுவது அதிகமில்லை. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கியிருந்தால் மட்டும் சுற்றிப் போக வேண்டும். நீர் வற்றியபின் ஆண்டுக்கணக்கில் முட்டையாகவே காத்திருந்து, அடுத்த மழையில் பொரிந்து, சில வாரங்களில் வாழ்ந்து முடிக்கிற நுண்ணிறால்கள் அந்தக் குழிகளில் உண்டு.

மண்ணின் வழக்கு இத்தோடு ஒருவாறு தீர்கிறது. காதின் வழக்கு தீர்வதில்லை.

கலிஃபோர்னியாவில் 1986 முதல் தயாரான பந்தயமல்லாத ஆஃப்-ரோடு வண்டிகளுக்கு ஒலி வரம்பு 96 டெசிபல். புகைக்குழாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் வைத்து அளப்பது. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். 5 மீட்டரில் 76, 50 மீட்டரில் 56, அரைக் கிலோமீட்டரில் 36. நகரத்தில் 36 டெசிபலை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். காற்றில்லாத பாலைவனக் காலைநேரத்தில் பின்னணி ஒலி 20 டெசிபல் அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிசப்தத்தில் அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் 36 டெசிபல், வெள்ளைச் சட்டையில் விழுந்த மைத்துளி. பள்ளத்தாக்கின் சுவர்கள் எதிரொலித்தால் இன்னும் கூடும். நடப்பவரின் காலடியோசை அதிக தூரம் போகாது. ஓட்டுகிறவருக்கோ தலைக்கவசமும் தன் எஞ்சினின் இரைச்சலுமே காதை நிறைத்திருக்கும்.

இதன் விளைவு 1960களிலேயே ஆய்வில் பதிவாகிவிட்டது. மினசோட்டா மாநிலத்து ஏரிக்காடான பவுண்டரி வாட்டர்ஸ் பகுதியில் ராபர்ட் லூகாஸ் என்ற வனத்துறை ஆய்வாளர், துடுப்புப் படகுக்காரர்களிடமும் மோட்டார் படகுக்காரர்களிடமும் எதிர்த்தரப்பைப் பற்றிக் கேட்டார். துடுப்புக்காரர்களுக்கு மோட்டார் படகு பெருந்தொந்தரவு. மோட்டார்க்காரர்களுக்குத் துடுப்புப் படகைப் பற்றி எந்தக் குறையும் இல்லை, சிலருக்குப் பார்க்கவே பிடித்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்த மோதல். ஜீப்பும் நடையும், பனிச்சறுக்கு வண்டியும் பனிநடையும் என்று பிறகு எங்கே கேட்டாலும் இதே சாய்வுதான் பெரும்பாலும் வந்தது. "எங்களுக்கு அவர்களால் பிரச்சினையே இல்லை, அவர்கள்தான் சகிக்கத் தெரியாதவர்கள்" என்று வண்டிக்காரர் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே பிரச்சினை இல்லை. சுமை முழுதும் மறுதட்டில் இருக்கிறது. சமமாகப் பாதிக்காத ஒன்றைச் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு நியாயம் செய்தோம் என்று அதிகாரிகள் கைகழுவும்போது எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

வாயில்லாத சாட்சிகளும் உண்டு. ஓரிகன் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக்காட்டில், வேலியிட்ட பெரும்பரப்பில் எல்க் மான்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, ஏடிவி, மலைச் சைக்கிள், நடை, குதிரை நான்கையும் தனித்தனியே விட்டுப் பார்த்தார்கள். மான்கள் அதிகம் ஓடியது ஏடிவிக்கு, அடுத்து மலைச் சைக்கிளுக்கு. நடப்பவரைக் கண்டும் விலகத்தான் செய்தன. மேய வேண்டிய நேரம் ஓட்டத்தில் கழிந்தால் பனிக்காலத்துக்குச் சேர்க்கும் கொழுப்பு குறையும். அமைதியாக நடக்கும் நாம் காட்டுக்குத் தெரியாமல் வந்துபோகிறோம் என்ற நினைப்பையும் கொஞ்சம் விட்டுவிடத்தான் வேண்டும்.

அரசு விழித்தது 1972இல். நாட்டில் ஐம்பது லட்சம் ஆஃப்-ரோடு வண்டிகள் ஓடுகின்றன என்ற மதிப்பீட்டைச் சொல்லி, குடியரசுத் தலைவர் நிக்சன் பிப்ரவரி 8ஆம் தேதி ஓர் ஆணை பிறப்பித்தார். பொதுநிலங்களில் வண்டித் தடங்களை ஒதுக்கும்போது மண், நீர்ப்பிடிப்பு, செடிகொடிகளுக்குச் சேதம், விலங்குகளுக்குத் தொந்தரவு, மற்ற பயணிகளோடு மோதல் ஆகியவற்றைக் குறைந்தபட்சமாக்க வேண்டும் என்றது ஆணை. 1977இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அதற்கு வலுச் சேர்த்தார்: பெரும் சேதம் தெரிந்தால் உடனே மூட வேண்டும். காகிதத்தில் இருந்தது நிலத்துக்கு வர இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மூடியதாக அறிவிக்காத இடமெல்லாம் திறந்ததே என்பதுதான் பல காடுகளில் நடைமுறை. 2005இல் அமெரிக்க வனத்துறை அதைத் தலைகீழாகப் புரட்டியது. வரைபடத்தில் திறந்ததாகக் காட்டாத தடம் எல்லாம் மூடியதே. மொஹாவியில் மோட்டார் சைக்கிள் ஓட்டி அளந்த அந்த முதல் சக்கரப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறு இல்லை.

வண்டிக்காரர்கள் பக்கம் சொல்ல வேண்டிய நியாயமும் இருக்கிறது. 1991 முதல் நடந்துவரும் பொழுதுபோக்குப் பாதைத் திட்டத்துக்குப் பணம் வருவது ஆஃப்-ரோடு வண்டிகளில் எரிகிற பெட்ரோலின் வரியிலிருந்து. அதில் 30 சதவீதம் மோட்டார் தடங்களுக்கு, 30 சதவீதம் மோட்டார் இல்லாத பாதைகளுக்கு, மீதி 40 சதவீதம் பலவகைப் பயணிகள் பகிர்வதற்கு. நடைப்பயணி ஏறிப்போகிற மரப்பாலத்தில் ஏதோ ஒரு ஜீப்பின் டேங்கில் ஊற்றிய காசும் இருக்கலாம். பனிக்காலம் முடிந்ததும் ரம்பத்தோடு போய்ப் பாதையில் விழுந்த மரங்களை அறுத்து அகற்றுகிற மோட்டார் சைக்கிள் சங்கத்துத் தொண்டர்களும் பல ஊர்களில் உண்டு. முதுமையாலோ உடற்குறையாலோ நடக்க முடியாதவர் பள்ளத்தாக்கின் விளிம்பைப் பார்க்க ஒரே வழி வண்டிதான் என்பதையும் ஒதுக்கித் தள்ள முடியாது.

எதிரெதிரே சந்திக்கும் நொடிக்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். எஞ்சின் உள்ளவர் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், மிதிவண்டிக்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும், நடப்பவர் குதிரைக்கு. நல்ல ஓட்டி வளைவில் ஆளைக் கண்டதும் நிறுத்தி எஞ்சினை அணைப்பார். பிறகு கையை உயர்த்தி விரல்களைக் காட்டுவார். மூன்று விரல் என்றால் பின்னால் இன்னும் மூன்று பேர். கடைசியில் வருகிறவர் மூடிய முஷ்டியைக் காட்டுவார்: என்னோடு முடிந்தது. அந்த விரல்களை நம்பி நடப்பவர் பாதையிலேயே நிற்கலாம். எத்தனை வண்டி வருமோ என்ற பதற்றத்தில் ஓரத்துக்குத் தாவினால் உடைவது பொருக்குதான்.

விரல்களால் தீராததும் உண்டு. வனத்துறை பல தடங்களை 50 அங்குல அகல வண்டிக்கு என்று அமைத்தது. இன்று கடைகளில் விற்கும், இருவர் அருகருகே உட்கார்ந்து போகும் பக்கத்திருக்கை வண்டிகளில் பல 60 அங்குலத்தைத் தாண்டிவிட்டன. அகலமான வண்டி ஓரத்தை நசுக்கிக்கொண்டு போகும், தடம் ஆண்டுதோறும் பருக்கும். மோவாபுக்கு வடமேற்கே, கிரீன் ஆறு ஓடும் லேபிரிந்த் பள்ளத்தாக்குப் பகுதியில் 2023இல் நிலமேலாண்மைத் துறை சுமார் 317 மைல் தடங்களை வண்டிகளுக்கு மூடுவதாக முடிவெடுத்தது. 800 மைலுக்கு மேல் திறந்தேதான் விட்டது. ஆற்றில் படகில் மிதப்பவர்கள் மகிழ்ந்தார்கள், வண்டிச் சங்கங்கள் வழக்குப் போட்டன.

உடைந்த பொருக்கின் தூசி அந்த வழக்குமன்றத்தோடு நிற்பதில்லை. வசந்தகாலக் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்க் கொலராடோ மலைகளின் வெண்பனிமேல் தூவுகிறது. அழுக்கான பனி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி முன்கூட்டியே உருகும். தாமஸ் பெயின்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2010இல் வெளியிட்ட கணக்கில், கொலராடோ ஆற்றின் மேற்பகுதியில் உச்ச நீர்வரத்து இதனால் சுமார் மூன்று வாரம் முந்துகிறது, ஆண்டு வரத்தில் ஏறக்குறைய 5 சதவீதம் குறைகிறது. அந்தத் தூசியின் பெரும்பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடந்த கால்நடை மேய்ச்சலின் விளைவு. சக்கரம் அதில் பிறகு வந்து சேர்ந்த பங்காளி. நாலு கோடி மக்கள் நம்பியிருக்கிற ஆறு அது.

மூடிய தடங்களை எப்படி மறைக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது எனக்கு மிகப் பிடித்தமானது. பலகை வைத்தால் பிடுங்கிப் போடுகிறார்கள், வேலி போட்டால் சுற்றிப் போகிறார்கள். அதனால் தொண்டர்கள் குழிதோண்டும் கருவியோடு வருகிறார்கள். இறுகிய தடத்தை முதலில் கிளறி விடுகிறார்கள். பிறகு அக்கம்பக்கத்தில் காய்ந்து கிடக்கும் புதர்களைப் பொறுக்கி வந்து, உயிரோடு இருப்பதைப்போல ஒவ்வொன்றாக மண்ணில் நட்டு நிறுத்துகிறார்கள். பெரிய தடத்திலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம்வரை நட்டால் போதும். கோடு தெரியவில்லை என்றால் வண்டி திரும்புவதில்லை. செத்த புதரின் அடியில் சிறிது நிழல் விழுகிறது, காற்றில் உருளும் விதைகள் அங்கே வந்து தங்குகின்றன. அடுத்த மழைக்கு அவற்றில் ஏதாவது ஒன்று முளைக்கிறது.